பேஜ் தோ

மயூர் விஹார் அடுக்ககத்தில் எனக்கு ஒதுக்கப்பட்ட வீட்டு வேலை ஒன்றே ஒன்று. இன்டர்காம் அடித்தால் எடுக்க வேண்டும். காவலாளி ஏதோ சொல்வார். நான் இந்தியில் 'பேஜ் தோ' என்பேன். அனுப்பச் சொல்வேன், யாரை என்று கேட்கிற பழக்கம் கிடையாது.

என் புரோகிராமிங் பிழைப்பில் இப்படி அழைப்பு வந்ததும் செயல்படுவதற்குப் பெயர் கால்பேக். லினக்ஸில் புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேச டி-பஸ் இருக்கிறது. வைஃபை அறுந்தால் நெட்வொர்க் மேனேஜர் டி-பஸ்ஸில்தான் சொல்லும். டி-பஸ் 2006-ல் 1.0 ஆனது. அதில் பேச உதவும் எஸ்டி-பஸ் லைப்ரரியை 2015-ல் சிஸ்டம்டி திட்டம் பொதுப் பயனுக்குத் திறந்துவிட்டது. நாம் ஒரு ஃபங்ஷனைப் பதிந்து வைத்தால், செய்தி வந்ததும் லைப்ரரி அதைக் கூப்பிடும்.

செய்தியையும், பதியும்போது நாம் கொடுத்து வைத்த யூசர்டேட்டாவையும் கையில் கொடுத்துத்தான் கூப்பிடும், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிட, அது வேறொன்றைக் கூப்பிட, நாலாவது ஆளிடம் வேலை போய்ச் சேரும்போது வந்தது யார், எதற்கு என்பதெல்லாம் வழியிலேயே நின்றுவிடும். எங்கள் வீட்டில் அந்த நாலாவது ஆள் என் மாமியார். கதவைத் திறப்பவர் அவர்தான்.

அப்படிப்பட்டவர்களுக்காக எஸ்டி-பஸ்ஸில் நான்கு கேள்விகள் உண்டு: நடப்புச் செய்தி எது, ஸ்லாட் (பதிவு) எது, ஹேண்ட்லர் (கூப்பிடப்படும் ஃபங்ஷன்) எது, யூசர்டேட்டா எது. கூப்பிடும் முன் நான்கையும் லைப்ரரி பஸ் ஆப்ஜெக்டில் குறித்துக்கொள்ளும். எவ்வளவு ஆழத்திலிருந்தும் கேட்கலாம். கைக்குக் கை விவரத்தைக் கடத்துவதைவிட இது மேல் என்பது என் கட்சி.

ஒரே நிபந்தனை, கால்பேக் நடக்கும்போதே கேட்க வேண்டும். முடிந்தபின் கேட்டால் NULL, அதாவது வெறுமைதான் வரும்.

மாலையில் மனைவி கேட்டாள்: "கேஸ் டியூப் மாத்தணும்னு ஒருத்தன் வந்து அம்மாகிட்ட முந்நூறு ரூபா வாங்கிட்டுப் போயிருக்கான். யாருங்க அவன்?"

"வந்தானா?" என்றேன். லைப்ரரி கூட இதையேதான் சொல்லியிருக்கும்.

எஸ்டி-பஸ்ஸில் எழுதுகிறவர்களே, செய்தி பின்னாலும் தேவைப்பட்டால் கால்பேக் முடிவதற்குள் அது அழியாதிருக்க உங்கள் பங்குக்கு ஒரு ரெஃப் (பிடி) எடுத்துக்கொள்ளுங்கள். வேலை ஆனதும் விட்டுவிடுங்கள். இன்டர்காம் எடுக்கிறவர்கள் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள்.