கொம்பில்லாத ஆண்

புதிய உயிரினம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக நம்பித் திரிந்த நாட்களில் என் நடையே மாறியிருந்ததாம். மனைவி இன்றும் நடித்துக் காட்டுவாள். கண்டுபிடித்தது சாணி வண்டு. சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும்.

ஒந்தோஃபேகஸ் என்ற பேரினத்தில் உலகம் முழுக்க 2,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அவ்வளவு இருக்கும்போது எனக்கென்று ஒன்று இருக்காதா என்பதுதான் என் ஆராய்ச்சிக்கு அடிப்படை. ஊருக்கு வெளியே புறம்போக்கில் பிளாஸ்டிக் டப்பாவைப் புதைத்து, மேலே துணியில் முடிந்த சாணியைத் தொங்கவிட்டால் காலையில் வண்டு விழுந்து கிடக்கும். சாணி மட்டும் புதிதாக இருக்க வேண்டும். புதுச் சாணியோடு டவுன் பஸ் ஏறினால் எந்த நெரிசலிலும் உட்கார இடம் கிடைக்கும் என்பது இந்த ஆய்வின் ஒரே உறுதியான முடிவு.

விழுந்தவற்றில் ஒன்றுக்குக் கொம்பு இல்லை. இவற்றில் பொதுவாக ஆணுக்குத்தான் கொம்பு. ஆகவே பெண் என்று எழுதிக்கொண்டேன். இந்தியச் சாணி வண்டுகளுக்கு இன்றும் நாங்கள் புரட்டுவது கில்பர்ட் ஆரோ 1931-ல் வெளியிட்ட தொகுதியை. அதில் பெண்களுக்குச் சொல்லியிருந்த எந்த அடையாளத்தோடும் இது ஒத்துப்போகவில்லை. வேறொருவர் என்றால் தன்னைச் சந்தேகப்பட்டிருப்பார். நான் ஆரோவைச் சந்தேகப்பட்டேன்.

தலையில் அடர்ந்த குழிப்புள்ளிகள், முன்மார்பின் நடுவில் கொஞ்சம் கலைந்தவை, இறக்கையுறையில் குறுமயிர் என்று பக்கம் பக்கமாக வர்ணித்தேன். புதிய இனத்துக்கு ஆதாரமான மாதிரி, அதாவது ஹோலோடைப், என்று சிவப்பு லேபிளும் அடித்தாயிற்று. புதிய இனத்துக்குத் தன் பெயரையே வைத்துக்கொள்ள விதியில் தடையில்லை, மரியாதைக் குறைவு மட்டும்தான் என்று தெரிந்ததும் கொஞ்சம் சபலப்பட்டேன். பிறகு பெருந்தன்மையோடு மனைவி பெயரை முன்மொழிந்தேன்.

"சாணி வண்டுக்கா? வேற யாரையாவது பாருங்க."

கட்டுரையைப் படித்த மூத்தவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "ஆணுறுப்பைப் பார்த்தீர்களா?" வெளித்தோற்றம் குழப்பும் வண்டுகளில் அதன் வடிவம்தான் இனத்தைக் காட்டிக்கொடுக்கும். பெண்ணென்று முடிவு கட்டியவன் அதை ஏன் தேடப்போகிறேன்? வண்டை வெந்நீரில் ஊறவைத்து, நுனி வளைத்த ஊசியால் வயிற்றைத் திறந்தேன். ஆண்.

ஒந்தோஃபேகஸ் ஆண்களில் இரண்டு ரகம் உண்டு. புழுவாக இருக்கும்போது வயிறாரத் தின்றவன் கொம்போடு வந்து, பெண் இருக்கும் வளையின் வாசலில் காவல் நிற்பான். தீனி குறைந்தவன் கொம்பில்லாமல் வந்து, பக்கவாட்டில் தனி வழி தோண்டி, காவல்காரனுக்குத் தெரியாமல் உள்ளே போவான். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் இதை ஆராய்ந்து டக்ளஸ் எம்லென் 1990-களிலேயே எழுதிவிட்டார். இதை நான் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். பரீட்சையில் பத்து மார்க் கேள்வி.

என் புதிய இனம், ஃபேப்ரீசியஸ் 1798-லேயே பெயரிட்டுவிட்டுப் போன ஒந்தோஃபேகஸ் டாமா. அதன் இரட்டைக் கொம்பு ஆண்கள் அதே டப்பாவில்தான் விழுந்திருந்தன. சாதாரண வண்டு என்று நானே ஒதுக்கியிருந்தேன். வெளியே எடுத்த உறுப்பையாவது ஒழுங்காகக் கிளிசரினில் போட்டிருக்கலாம். வியர்க்கிறதே என்று ஃபேனைப் போட்டேன். அது போன திசை தெரியவில்லை.

சிவப்பு லேபிள்கள் மிச்சமிருக்கின்றன. போன மழைக்கு விழுந்த ஒன்று கொஞ்சம் வித்தியாசமாகத்தான் தெரிகிறது. மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

"மொதல்ல ஆணா பொண்ணான்னு பாருங்க" என்றாள்.