வாசீஸ்வரர் ஊரும் வசூல் நோட்டும்

கேள்வி: எங்கள் இளைஞர் மன்றம் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் கட்ட நினைக்கிறது. காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் இத்தனை கம்பெனி இருக்கிறதே, கொஞ்சம் நிதி கேட்டால் தர மாட்டார்களா?
– ஒரு வாசகர், திருப்பாச்சூர்

பதில்: தருவார்கள். ஆனால் கேட்பவர் யார் என்று முதலில் பார்ப்பார்கள். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, நிகர லாபம் 5 கோடியைத் தொட்ட கம்பெனிகூட, மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு (சிஎஸ்ஆர்) செலவிட வேண்டும். தொழிற்சாலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை என்றும் சட்டம் சொல்கிறது. அதாவது, புகை வரும் திசைக்கே பணமும் வரலாம்! சிக்கல் எங்கே என்றால், உங்கள் மன்றத்துக்கு இருப்பது ஒரு ரப்பர் ஸ்டாம்பும் கேரம் போர்டும்தான். அவர்கள் கேட்பது 12ஏ, 80ஜி வரிவிலக்குப் பதிவுகளும், 2021 ஏப்ரலிலிருந்து சிஎஸ்ஆர்-1 பதிவெண்ணும்.

அதைவிடக் கிட்டத்து வழி, தமிழக அரசின் 'நமக்கு நாமே' திட்டம். 1997-ல் பிறந்து, 2011-ல் 'தன்னிறைவுத் திட்டம்' என்று பெயர் மாறி, 2021-ல் பழைய பெயருக்கே திரும்பியது. (திட்டங்களுக்கும் இங்கே புகுந்த வீடு உண்டு.) ஊர் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். ஒன்பது லட்சம் ரூபாய்ச் சுவருக்கு உங்கள் வசூல் மூன்று லட்சம். கோயில் திருவிழாவுக்கு வீடு வீடாகப் போகும் அதே நோட்டு போதும்.

உங்கள் ஊர் ஈசனே மூங்கில் புதரில் வாசி என்னும் வெட்டுக்கருவியால் வெட்டுப்பட்டுத்தான் வெளியே வந்தார் என்கிறது தலபுராணம். இந்தத் திட்டத்துக்கு நீங்கள் தரும் மனு மட்டும் வெட்டுப்படாமல் வருமா? திங்கட்கிழமை திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாள். ஸ்டாம்பை வீட்டில் வைத்துவிட்டு, ஊர்த் தீர்மானத்தோடு போங்கள்.