ஜீப்பும் யாப்பும்

சொட்டு என்னும் சொல்லிலிருந்து இவ்வாராய்ச்சியைத் தொடங்குவதே முறை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போடிநாயக்கனூரில் எங்கள் வாசலில் நின்ற ஜீப்புக்கு அடியில் கறுப்பாக ஒரு சொட்டு எண்ணெய் கிடந்தது. கோலம் போட வந்த மனைவி கண்டுபிடித்தார். “டேப்பட் கவருக்கு ஒரு பேக்கிங் மாத்தினா தீந்துச்சு, அரை நாள் வேலை” என்று நான் சொன்னதாக அவர் இன்றும் சான்று பகர்கிறார். ‘அரை நாள்’ என்பதன் மெய்ப்பொருள் யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பிரதி, 1989-ஆம் ஆண்டின் மஹிந்திரா எம்.எம். 540. ஃபோர் வீல் வண்டி. ஏலத்தோட்டம் ஒன்றில் ஆளையும் உர மூட்டையையும் ஒரே அன்போடு சுமந்து, போடிமெட்டுச் சாலையின் வளைவுகளில் இளமையைத் தொலைத்து, என் கைக்கு வந்து சேர்ந்தது.

முதற்கண் சொல்லாராய்ச்சி. ‘ஜீப்’ எங்கிருந்து வந்தது என்பதில் அமெரிக்க அறிஞர்களிடையே பூசல் உண்டு. ஜி, பி என்னும் இரண்டு ராணுவ எழுத்துகளின் மரூஉ என்பார் ஒரு சாரார். 1936-ல் பாப்பாய் சித்திரக்கதையில் தோன்றிய ‘யூஜின் த ஜீப்’ என்ற மாய விலங்கின் பெயர் என்பார் மறு சாரார். இரு சாராரும் எங்கள் ஊர் வழக்கைக் காணாதவர்கள். இங்கே அது ‘சீப்பு’. தலையைக் கலைக்கும் வண்டிக்குத் தலை வாரும் கருவியின் பெயரா என்று மயங்க வேண்டாம். இது வாழைச் சீப்பு. ஒவ்வொன்றாகக் கழன்று விழும் என்பது காரணப் பெயர்.

அடுத்து, பிரதியின் நடை. உடம்பு வில்லிஸ் வழி வந்தது. ஆகவே போல்ட்டுகள் அங்குலத்தில் பேசும். எஞ்சின் 2112 சி.சி. பியூஜோ டீசல், பிரெஞ்சுக் குடிப்பிறப்பு. ஆகவே மில்லிமீட்டரில் பேசும். இரு மொழியும் ஒரே வரியில் விரவி வருவதால் இதை மணிப்பிரவாள நடை எனக் கொள்வதில் தடையில்லை. இந்த இலக்கணம் அறியாமல் நான் உள்ளே புகுந்தது முதல் வருடம். ஸ்பிரிங் பக்கத்து நட்டு ஒன்றுக்கு 14 ஸ்பேனர் ஏறவில்லை. 15 ஏறியது. ஒரு அழுத்து அழுத்தினேன். நட்டு அசையவில்லை, அதன் ஆறு மூலைகள் மட்டும் வழவழவென்று உருண்டு வந்தன. அது ஒன்பது பை பதினாறு அங்குலம், அதாவது 14.29 மில்லிமீட்டர். அந்த 0.71 மில்லிமீட்டர் இடைவெளியில்தான் என் வலக்கை நடுவிரல் நகம் போயிற்று. இடப்பக்கச் சக்கர நட்டுகள் தலைகீழ் மரை என்பதைக் கண்டுபிடித்த கதை வேறு: கழற்றுவதாக நினைத்து நாலடிக் குழாயின் மேல் ஏறி நின்று அரை மணி நேரம் முறுக்கிக்கொண்டிருந்தேன். பொது விதியைச் சொன்ன இலக்கணி புறனடையையும் சொல்ல வேண்டாமா?

இனி இடைச்செருகல்கள். கைமாறி வந்த எந்தப் பிரதியிலும் முந்தைய பதிப்பாசிரியர்களின் கைவரிசை இருக்கும். தரைத்தகடு செல்லரித்த இடத்தில் சமையல் எண்ணெய் டின் தகடு. ரேடியேட்டர் ஹோஸ் மேல் சைக்கிள் டியூப் சுற்றி, அதன்மேல் கட்டுக்கம்பி. இவற்றின் காலத்தைக் கணிப்பது கடினம் என்றிருந்தபோது, கைப்பிரேக் கம்பியின் கடைசியில் வாஷருக்குப் பதிலாக ஒரு நாணயச் சான்று கிடைத்தது: காண்டாமிருகம் பொறித்த 25 காசு, நடுவில் துளையிட்டது. அந்த முத்திரை வந்தது 1988-ல் என்பதால் இச்செருகல் அதற்கு முந்தியதன்று எனத் துணியலாம். வண்டியே 1989 என்பதால் இத்துணிபால் யாதொரு பயனும் இல்லை. ஆனால் ஆராய்ச்சி என்றால் அப்படித்தான். 2011 ஜூன் 30-க்குப் பின் நாடு முழுவதும் செல்லாமற்போன அந்தக் காசு என் வண்டியில் மட்டும் இன்றும் செல்லுபடியாகிறது. எடுக்க மனம் வரவில்லை.

மூலபாடம் என்று ஒன்று உண்டானால் அது சேஸிஸ் எண்தான். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். என் காலத்தில் 2019, 2024 என இருமுறை. அதற்குமுன் கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கப் போட்டு உரச வேண்டும். எண்கள் ஒவ்வொன்றாக வெள்ளையாய் எழும்பி வரும். கல்வெட்டுக்காரர்கள் மசிப்படி எடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார்களாமே, அந்த மூச்சை நானும் பிடித்திருக்கிறேன். ஒரு மூன்று எட்டாகத் தெரிந்தது. வேர்த்துவிட்டது.

இப்போது ஆய்வின் நடுநாயகமான கருதுகோள். பழுது அழிவதில்லை, இடம்பெயர்கிறது. ஜீப் ஒரு வெண்பா. ஒரு சீரைக் கழற்றிவிட்டு அதைவிட அழகான சீர் ஒன்றைப் பொருத்தினால், அந்தச் சீர் நன்றாகத்தான் இருக்கும். அடுத்த சீரோடு தளை தட்டும். மா முன் நிரை வரவேண்டிய இடத்தில் நேர் வந்து நிற்கும். அதைத் திருத்தினால் அதற்கடுத்தது.

சான்று காட்டுகிறேன். பேக்கிங் மாற்ற அடியில் படுத்தவன், டயரில் வெடிப்பைப் பார்த்தேன். பழைய 6.00-16 போய் 31 அங்குல டயர் வந்தது. பார்க்க யானைக் கால். ஸ்டியரிங்கும் யானைப் பளு. வேகமானியின் முள் 40 என்றால் உண்மையில் 43 போனது. முழுதாக ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசியது. உரசாமலிருக்க பட்டையில் இரண்டு தகடு கூட்டி வண்டியைத் தூக்கினேன். தூக்கியதும் பிராப்பல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடி யூ-ஜாயின்ட் முனகத் தொடங்கியது. பெரிய சக்கரத்தை நிறுத்தப் பழைய டிரம் பிரேக்குக்கு வலு போதவில்லை. முன்னால் டிஸ்க் வைத்தேன். டிஸ்க்குக்கு மிதி கல்லாக இருந்தது. பூஸ்டர் வேண்டும் என்றார்கள். பூஸ்டருக்கு வெற்றிடம் வேண்டும். பெட்ரோல் எஞ்சின் மூச்சிழுக்கும் வழியில் அடைப்பிதழ் இருப்பதால் அங்கே வெற்றிடம் சும்மா கிடைக்கும். என் டீசலோ மூக்கைத் திறந்து வைத்து இழுப்பது, அதனிடம் அது கிடையாது. ஆகவே முதுகில் வேக்யூம் பம்ப் சுமந்த ஆல்டர்னேட்டர். ஒரு பேக்கிங்கில் தொடங்கிய பாட்டு எங்கே வந்து நிற்கிறது, பாருங்கள்.

இதற்கிடையே சட்டமும் ஒரு பதிப்பு நெறியை வகுத்திருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52: தயாரித்தவர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுப் புத்தகம் மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது. மூலபாடத்தில் கைவைக்காதே என்று இதைவிடத் தெளிவாக எந்தப் பதிப்பாசிரியரும் சொன்னதில்லை. பழைய சக்கரங்கள் ஐந்தும் மாடிப்படிக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன என்பதோடு இப்பத்தியை முடித்துக்கொள்கிறேன்.

உரைவேற்றுமைகளையும் சொல்லியாக வேண்டும். 40-ஐத் தொட்டதும் முன்சக்கரம் இரண்டும் தலைவிரித்தாடும் ஆட்டம் ஒன்று வந்தது. “கிங் பின் பேரிங் லூசு, சிம் எடுத்து இறுக்கணும்” என்றார் போடி உரைகாரர். “அவரு கெடக்காரு, டை ராட் எண்டைப் பாருங்கண்ணே” என்றார் கம்பத்து உரைகாரர். இருவர் உரையையும் தழுவி இரண்டையும் மாற்றினேன். ஆட்டம் முன்னிலும் அழகாயிற்று. வெயிலுக்கு எங்கள் புளியமரத்தடியில் ஒதுங்கிய ஏலத்தோட்ட டிரைவர் ஒருவர், பீடியை அணைக்காமலே டயரை ஒரு உதை விட்டார். “காத்து ஓவரா இருக்குண்ணே.” குறைத்தேன். முக்கால் ஆட்டம் நின்றது. பேருரைகளுக்கு நடுவே இப்படியொரு குறிப்புரை வந்துவிட்டால் ஆராய்ச்சியாளன் மனம் படும்பாட்டைச் சொல்லி முடியாது.

திணை வகுப்பதில் ஒரு மயக்கம் உண்டு. நிலம் மலை, எனவே குறிஞ்சி. ஆனால் உரிப்பொருளோ முல்லைக்குரிய இருத்தல். மதுரையிலிருந்து வீல் சிலிண்டர் வரும் வரை இருத்தல். லேத்துக்காரர் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும் வரை இருத்தல். வீட்டுக்குள் நிலவுவது மருதம். கழற்றி வைத்த சீட்டின் மேல் வடாம் காய்வதும், டிரம் ஒன்று முருங்கைக் கன்றுக்கு முட்டாக நிற்பதும் அந்த ஊடலின் மெய்ப்பாடுகள். “ஏங்க, இந்த வண்டில ஏறி எங்கயாச்சும் போறதா உத்தேசம் உண்டா?” என்று அவர் கேட்டதை வினா எதிர் வினாதலால் சமாளிக்கப் பார்த்தேன்: “எங்க போகணும்?”

“போடிமெட்டு. ஒரு டீ.”

போன மாதம் போனோம். ஹீட்டர் போட்டு முப்பது எண்ணினேன்; முதல் அடியிலேயே எஞ்சின் பிடித்தது. டிஸ்க் பிரேக் பூவாய் நின்றது. முள் ஒன்று காட்டியது, வண்டி வேறொன்று போனது. கொண்டையூசி வளைவுகளில் டயர் எங்கும் உரசவில்லை. மேலே பனிக்குள் நின்று டீ குடித்தோம். அவர் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டிக்கொடுத்தார், மாட்டைத் தட்டுவதுபோல. ஒன்பது வருட ஆய்வுக்கு இதைவிடப் பெரிய பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடையாது என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் விடியலில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு போனவர் திரும்பி வந்து ஒன்றும் பேசாமல் நின்றார். எழுந்து போய்க் குனிந்து பார்த்தேன். வேக்யூம் பம்ப் வறண்டுவிடாமலிருக்க எஞ்சினிலிருந்து எண்ணெய் கொண்டுபோகும் சிறு குழாய், அதன் யூனியன் நட்டில் ஈரம். வெண்பா என்று கொண்டது பிழை, இது அந்தாதி. “அரை நாள் வேலை” என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒன்பது வருடத்துக்கு முன் விழுந்த அதே கல்லின் மேல், அதே கறுப்பில், மெல்லத் திரண்டு விழுந்தது ஒரு சொட்டு.