சான்றிதழுக்குச் சேதமில்லை

பிரேசிலின் புருமாடின்யோவில் ஓர் அணை இருந்தது. தண்ணீருக்கு அல்ல, வாலே நிறுவனத்தின் இரும்புச் சுரங்கம் கக்கிய கழிவுச் சேற்றுக்கு. 86 மீட்டர் உயரம். அதன் காலடியில்தான் தொழிலாளர் கான்டீனும் அலுவலகமும். இடத்தைத் தேர்ந்தெடுத்த புண்ணியவான் யாரோ, ஒருநாளாவது அங்கே உட்கார்ந்து சாப்பிட்டிருப்பாரா?

2018 செப்டம்பரில் டியூவ் சூட் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் பிரேசில் கிளை, அணை உறுதியாக இருக்கிறது என்று சான்று கொடுத்தது. 2019 ஜனவரி 25, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அணை உடைந்தது. 270 உயிர்கள் போயின. பராவோபேபா ஆறு சேறாயிற்று. சான்றிதழில் ஒரு கீறல்கூட விழவில்லை.

அந்தச் சான்று பிறந்த விதம் தனிக்கதை. இப்படிப்பட்ட அணைக்குப் பாதுகாப்புக் காரணி 1.3 இருக்க வேண்டும் என்பது நிபுணர்களின் பரிந்துரை. 1 என்றால் விழும் விளிம்பு. இந்த அணைக்குக் கணக்கில் வந்தது 1.09. அணையைப் பலப்படுத்தலாம்; செலவு, நேரம், உற்பத்தி நிறுத்தம். அளவுகோலைக் குறைக்க மை மட்டும் போதும். 1.05 இருந்தால் சரி என்று ஓர் ஆய்வுக் கட்டுரையை மேற்கோள் காட்டினார்கள். தேர்வுத்தாளைத் திருத்தாமல் பாஸ் மார்க்கைத் திருத்தும் இந்த வித்தைக்குப் பெயர் தொழில்நுட்ப மதிப்பீடு. முன்பு இருந்த வேறொரு ஆலோசனை நிறுவனம் தயங்கியதால்தான் ஆளை மாற்றினார்கள் என்பது அரசு வழக்கறிஞர்களின் குற்றச்சாட்டு. கையெழுத்துப் போடுவீர்களா மாட்டீர்களா என்று வாலே வழக்கம்போல நம்மைச் சுவரோடு சேர்த்து நெருக்கும் என ஒரு தணிக்கைப் பொறியாளரே சக ஊழியருக்கு மின்னஞ்சலில் புலம்பியிருக்கிறார். புலம்பினார்கள், போட்டார்கள். தணிக்கைக்கு உள்ளாகிறவரே தணிக்கையாளருக்குக் கூலி கொடுத்தால் பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்தான். இதில் பூனையை மட்டும் குறை சொல்வானேன்?

அபாயச் சைரன் ஏன் ஒலிக்கவில்லை? சேறு வந்த வேகத்தில் சைரனையே மூழ்கடித்துவிட்டதாம். வெள்ளத்தைச் சொல்ல வேண்டிய கருவியை வெள்ளத்தின் வழியிலேயே நட்டிருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டையும் யாரோ ஒருவர் படிவத்தில் டிக் அடித்து ஏற்றிருப்பார்.

இதெல்லாம் முதல் அனுபவமும் அல்ல. 2015-இல் மரியானாவில், வாலே பாதிப் பங்குதாரராக இருந்த சமார்கோவின் அணை உடைந்து 19 பேர் மாண்டார்கள். 2017-இல் வாலேயின் தலைமைக்கு வந்த ஃபாபியோ ஷ்வார்ட்ஸ்மன், இனி ஒருபோதும் மரியானா நடக்காது என்றார். சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்: அடுத்தது மரியானாவில் நடக்கவில்லை.

2021-இல் வாலே 3,770 கோடி ரெயால் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பே, 2019 பிப்ரவரியில், நாடாளுமன்றக் குழுவின் முன் ஷ்வார்ட்ஸ்மன் தன் நிறுவனத்தை மதிப்பிட்டுவிட்டார்: வாலே பிரேசிலின் ஆபரணம், ஒரு விபத்துக்காக அதைத் தண்டிக்கக் கூடாது. அதே கூட்டத்தில் இறந்தவர்களுக்காக எல்லோரும் எழுந்து நின்றபோது அவர் மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை. அதன் உறுதிக்குச் சான்று கொடுத்தது யாரோ.