இரு சேலைக் கோட்பாடு: திருப்பூர் ஜாப் ஒர்க் அக்காக்களின் உடை குறித்து ஒரு பூர்வாங்க ஆய்வு

ஆய்வின் தேவை

திருப்பூரில் ஆராய்ச்சியாளர்கள் அளக்காத இடமில்லை. நூல் விலையை அளந்தார்கள், நொய்யல் ஆற்றின் உப்பை அளந்தார்கள், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது நஷ்டத்தையும் அளந்தார்கள். ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட ‘ஃப்ரேட்டர்னல் கேப்பிடல்’ என்ற புத்தகம், விவசாயக் கூலியாகவும் பனியன் கம்பெனித் தொழிலாளியாகவும் இருந்த கவுண்டர்கள் எப்படி முதலாளி ஆனார்கள் என்பதை விரிவாகச் சொல்கிறது. தன் முயற்சியில் உயர்ந்த ஆண்களைப் பற்றியது என்று துணைத்தலைப்பிலேயே போட்டுவிட்டதால் அவரிடம் சண்டைக்கும் போக முடியாது. ஆனால் அதே ஊரில் தன் முயற்சியில் உயர்ந்த, உயர்ந்துகொண்டிருக்கிற, மூன்று மாத பில் வராததால் உயர்வதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிற பெண்கள் காலையில் பீரோவைத் திறந்து எந்தச் சேலையை எடுக்கிறார்கள், ஏன் எடுக்கிறார்கள்? அறிவுலகம் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டது வருந்தத்தக்கது.

ஆய்வுக்குட்பட்டோர்: பத்துப் பன்னிரண்டு பவர் டேபிள் மிஷின் போட்டு, எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து கட்டிங் பீஸ் எடுத்து வந்து தைத்துக் கொடுக்கும் அக்காக்கள், ஒரே ஒரு காஜா பட்டன் மிஷினோடு தனி ராஜாங்கம் நடத்துபவர்கள், வீட்டு முன்னறையில் செக்கிங்கும் பிசிறு வெட்டும் வேலையும் எடுப்பவர்கள், காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் வாங்கி வாட்ஸப்பில் விற்பவர்கள். கம்பெனியில் சம்பளத்துக்குப் போகிறவருக்கு ஏப்ரன் உண்டு, கழுத்தில் அடையாள அட்டை உண்டு. இவர்களுக்கு எந்தச் சீருடையும் இல்லை. ஆகவே ஊரே சேர்ந்து தைத்துக் கொடுத்த சீருடை ஒன்று உண்டு. அதன் அளவுகளை யாரும் எழுதித் தருவதில்லை. தப்பாகப் போட்டால் மட்டும் சொல்வார்கள்.

ஆய்வுமுறை: உற்றுநோக்கல். பார்ப்பது தெரியாமல் பார்க்க வேண்டும் என்பதால், எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் அக்கவுண்ட்ஸ் அறைக்கு வெளியே கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தேர்ந்தெடுத்தோம். அங்கே எத்தனை நேரம் உட்கார்ந்தாலும் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. உட்கார்ந்திருக்கிற எல்லாருமே பில்லுக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நைட்டியும் துண்டும்

வீட்டோடு யூனிட் நடத்தும் அக்காவின் அடிப்படை உடை நைட்டி. நைட்டி மட்டும் இருந்தால் அவர் வீட்டில் இருக்கிறார். அதன் மேல் ஒரு துண்டு விழுந்தால் அலுவலகம் திறந்துவிட்டது. டெம்போ ஹாரன் கேட்டதும் கொடியிலிருந்து துண்டு தோளுக்கு வந்து சேரும் வேகத்தை எந்தக் கார்ப்பரேட் அலுவலகத்திலும் காண முடியாது.

2018இல் ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்துத் தோகலபல்லி கிராமத்தில் காலை 7 மணி முதல் இரவு 7 மணி வரை பெண்கள் நைட்டியோடு வெளியே வரக்கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் தடை போட்டார்கள். மீறினால் 2,000 ரூபாய் அபராதம். காட்டிக் கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் சன்மானம். அந்தத் தடை மட்டும் திருப்பூரின் 15 வேலம்பாளையத்துக்கோ அங்கேரிபாளையத்துக்கோ வந்திருந்தால், செக்கிங் வேலை அன்று மத்தியானமே நின்று, கண்டெய்னர் தூத்துக்குடிக்குப் போகாமல், ஐரோப்பாவில் எத்தனையோ குழந்தைகள் சட்டையில்லாமல் கிறிஸ்துமஸ் கொண்டாடியிருப்பார்கள். காட்டிக் கொடுக்கிற தொழில் ஒன்று புதிதாகக் கிளம்பியிருக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

நைட்டியின் உண்மையான விலை வேறு இடத்தில் இருக்கிறது. யூனிட்டுக்கு வரும் ஆள் எதைப் பார்த்து என்ன கேட்கிறார் என்பதை நாம் தொகுத்தோம். நைட்டியில் நின்றால், “வூட்ல ஆரும் இல்லீங்களா?” நிற்பவர் ஆள் கணக்கில் வரவில்லை. சேலையில் நின்றால், “சார் இல்லீங்களா?” சுடிதாரில் நின்றால், “மேடம், ஓனர் எப்ப வருவாங்க?” கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கினால் டெய்லர் என்று முடிவு செய்து, “அக்கா, ஓனரக் கொஞ்சம் கூப்புடுங்களேன்” என்கிறார்கள். கையில் சாவிக்கொத்து இருந்தால் ஒரு கணம் தயங்குகிறார்கள், தயங்கிவிட்டு, “சார் சாவிய உங்ககிட்டக் குடுத்துட்டுப் போயிட்டாருங்களா?” என்கிறார்கள். எந்த உடைக்கும், எந்த அணிகலனுக்கும், “நீங்கதான் ஓனருங்களா?” என்ற கேள்வி முதல் கேள்வியாக எழவில்லை. ஜி.எஸ்.டி. சான்றிதழைச் சுவரில் மாட்டி, அதில் உரிமையாளர் பெயரைப் பெரிதாக்கி ஒட்டிய ஒரு யூனிட்டிலும், வந்தவர் அதைப் படித்து முடித்துவிட்டு, “இது சார் சம்சாரம் பேருங்களா?” என்று கேட்டதைக் காதால் கேட்டோம்.

1899இல் தார்ஸ்டீன் வெப்லென், மனைவி உடுத்தும் துணி கணவனின் பணப்பையை ஊருக்குக் காட்டுகிறது என்ற பொருள்பட எழுதினார். இங்கே பையும் மனைவியுடையது, துணியும் மனைவியுடையது, பெயர் மட்டும் கணவருக்குப் போகிறது. வெப்லென் இந்த வகையைக் கணக்கில் எடுக்கவில்லை.

கோட்பாடு

இனி மையக் கண்டுபிடிப்புக்கு வருவோம். ஜாப் ஒர்க் எடுக்கும் பெண்ணுக்கு இரண்டு சேலைகள் வேண்டும்: ஆர்டர் சேலை, வசூல் சேலை. ஒன்று கட்ட வேண்டிய இடத்தில் மற்றொன்றைக் கட்டினால் நஷ்டம் ரூபாயில் வரும்.

ஆர்டர் கேட்கப் போகும்போது எதிரில் உட்கார்ந்திருப்பவர் மெர்ச்சண்டைசர், பெரும்பாலும் மகன் வயதுப் பையன். இந்தக்காவிடம் பத்தாயிரம் பீஸைக் கொடுத்தால் தேதிக்குத் தைத்துத் தருவாரா, நடுவில் மிஷினை விற்றுவிட்டுப் போய்விடுவாரா என்பது அவருடைய கவலை. மிஷின் எத்தனை என்று கேட்பதற்கு முன்னாலேயே அவர் கண் சேலைக்கும் கைக்கும் போய்விடுகிறது. ஆகவே கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணிய காட்டன், அல்லது சில்க் காட்டன். பட்டு ஆகாது, ஏதோ கல்யாணத்துக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்ததாக நினைத்துக்கொள்வார்கள். கையில் தங்க வளையல் வேண்டும், ஆனால் எண்ணி இரண்டு. மூன்றாவது வளையல் ஏறியதும், “உங்களுக்கென்னங்க்கா, பீசுக்கு அம்பது காசு கொறச்சாத் தாங்காதா?” என்று பேச்சு திரும்பும். பத்தாயிரம் பீஸுக்கு 50 காசு என்றால் 5,000 ரூபாய். எந்த நகைக்கடையிலும் இல்லாத சேதாரம் இது.

வசூலுக்குப் போகும்போது எல்லாம் தலைகீழ். திருப்பூரில் சனிக்கிழமை கூலி நாள். உள்ளே தைக்கிறவர்களுக்குச் சாயங்காலம் கையில் காசு கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் திங்கட்கிழமை பக்கத்து யூனிட்டில் உட்கார்ந்துகொள்வார்கள். ஆகவே வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமை காலையும் அக்கவுண்ட்ஸ் அறை முன்னால் கூட்டம். அங்கே ஆர்டர் சேலையில் போய் நின்றவருக்கு, “உங்களுக்கென்னங்க்கா அவசரம், அடுத்த வாரம் பாத்துக்கலாம்” என்ற பதில் தயாராக இருக்கிறது. பணம் இருக்கிற மாதிரித் தெரிகிறவருக்குப் பணம் எதற்கு? ஆகவே சாயம் போன பூனம் சேலை, வெறும் கழுத்து, தலையில் பூ இல்லை, கையில் டெலிவரி சலான் திணித்த மஞ்சள் பை.

ஆனால் வெளுப்புக்கும் எல்லை உண்டு. இந்த நுட்பத்தை அனுபவசாலிகள்தான் பிடித்திருக்கிறார்கள். ரொம்பவும் வெளுத்த சேலையோடு போனால், யூனிட்டை மூடப் போகிறார்கள் என்ற சேதி அக்கவுண்ட்ஸ் பையனுக்குப் போய்விடும். மூடப் போகிறவருக்கு அவசரப்பட்டுப் பணம் கொடுப்பார்களா? அடுத்த ஆர்டருக்கு இவர் வேண்டியதில்லையே. ஆகவே வசூல் சேலை, “கஷ்டம்தான், ஆனா ஓடிட்டிருக்குது” என்ற ஒற்றை வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். இவ்வளவு துல்லியமாகச் சாயம் போன சேலை கடையில் கிடைக்காது. வீட்டில் துவைத்துத் துவைத்துத்தான் உருவாக்க வேண்டும்.

இரண்டு வேலையும் ஒரே நாளில், ஒரே கட்டடத்தில் வந்துவிட்டால்? கீழே அக்கவுண்ட்ஸ், மேலே மெர்ச்சண்டைசிங். இதற்கும் தீர்வு கண்டிருக்கிறார்கள். நடுத்தரச் சேலையில் வந்து, முதலில் கீழே வெறுங்கையோடு நின்று, படிக்கட்டுத் திருப்பத்தில் கைப்பையிலிருந்து வளையலை எடுத்து மாட்டிக்கொண்டு மேலே ஏற வேண்டும். இறங்கும்போது வளையலைக் கழற்ற மறந்தவருக்கு அந்த வாரம் செக் வராது.

சட்டம் இதற்கு வழி சொல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக்கூடாது, தாமதித்தால் வட்டி. தாமதமான தொகையை, கொடுத்து முடிக்கிற வரையில் செலவுக் கணக்கில் காட்டி வருமான வரி குறைக்க முடியாது என்று 2024 ஏப்ரலிலிருந்து இன்னொரு கிடுக்கிப்பிடியும் வந்திருக்கிறது. அக்காக்களுக்கு இது தெரியாது என்று நினைக்க வேண்டாம். உத்யம் பதிவு நம்பரைப் பில்லின் தலையில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் சட்டத்தைச் சொல்லிப் பணம் வாங்கினால் அது கடைசிப் பணமாக இருக்கும், அடுத்த ஆர்டர் பக்கத்துத் தெருவுக்குப் போகும். ஆகவே 46ஆவது நாளிலிருந்து வாரத்துக்கு ஒரு படி சேலையின் சாயத்தை இறக்குகிறார்கள். சட்டம் செய்ய வேண்டிய வேலையைச் சேலை செய்துகொண்டிருக்கிறது. அதற்கு வட்டியும் கிடையாது.

ஒப்பீட்டுக் குழு

அறிவியல் முறைப்படி ஆண்களையும் பார்க்க வேண்டும். அதிக நேரம் பிடிக்கவில்லை. வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக வந்தவர் முதலாளி. எண்ணெய்க்கறை படிந்த பனியனும் லுங்கியுமாக மிஷின் அடியில் படுத்திருப்பவரைக் காட்டியும், “கோடிக்கணக்குல டர்ன் ஓவர், எத்தன சிம்பிளா இருக்காரு பாருங்க” என்கிறார்கள். இதன் வேர் பழையது. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி முழங்கால் வேட்டிக்கு மாறினார். துணி குறைந்தது, மதிப்பு ஏறியது. கதருக்குப் பேர்போன திருப்பூரில் அந்தப் பாடம் நன்றாகவே பதிந்திருக்கிறது. ஆனால் அதே எளிமையை ஓர் அக்கா கடைப்பிடித்தால் வருகிற விமர்சனம்: “அந்தக்காவுக்கு ஆர்டர் நின்னுபோச்சாட்டருக்குது.”

ஊக்கு

குழந்தைகள் உடை தைக்கும் யூனிட்டுகளில் உலோகத்துக்குக் கடும் கெடுபிடி, நீடில் பாலிசி என்று பெயர். தைக்கும்போது ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடியெடுத்து ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி வைக்க வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் சுற்றியிருக்கிற பீஸ்களையெல்லாம் டிடெக்டரில் விட வேண்டும். பேக்கிங் பகுதிக்குள் குண்டூசி, ஹேர்பின், ஊக்கு எதுவும் கூடாது. எங்கோ ஒரு நாட்டில் ஒரு குழந்தையின் கழுத்தில் குத்திவிடக் கூடாதே என்ற கவலை நியாயமானது.

ஆனால் சேலை என்பது ஐந்தரை மீட்டர் துணியும் நாலு ஊக்கும். தோளில் ஒன்று, கொசுவத்தில் ஒன்று, ஜாக்கெட்டில் ஒன்று, அவசரத்துக்குத் தாலிக்கொடியில் கோத்திருப்பது தனி. வெளிநாட்டிலிருந்து துணி வாங்கும் பையரின் ஆடிட்டர் வருகிற அன்று அத்தனையையும் கழற்றிவிட்டு, முந்தானையை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஃபைலைத் திறந்து, எப்படி விளக்கம் சொல்வது? இந்தத் தெருக்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட அக்காக்கள் ஆடிட் தினங்களில் சுடிதாருக்கு மாறியதற்குச் சீரியல்தான் காரணம், மேற்கத்திய மோகம்தான் காரணம் என்று பட்டிமன்றத்தில் பேசுகிறவர்கள் ஊக்கைப் பற்றிப் பேசியதே இல்லை. மேற்கிலிருந்து வந்தது மோகம் அல்ல, நீடில் பாலிசி.

மேற்கிலும் உடைக்கு விதி எழுதியவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஜான் மல்லோய் 1977இல், வேலைக்குப் போகும் பெண்கள் கோட்டும் பாவாடையும் ஒரே துணியில் போட வேண்டும் என்று ஒரு புத்தகமே எழுதினார். அடுத்த வருஷம், 1978இல், இத்தாலியிலிருந்து வெரோனா என்பவர் திருப்பூருக்கு வந்து வெள்ளை டி-ஷர்ட் வாங்கியதிலிருந்துதான் ஏற்றுமதி சூடு பிடித்தது என்று இங்கே சொல்வார்கள். அவர் என்ன உடுத்தி வந்தார் என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. இன்றைக்கு வருகிற பையர் கசங்கிய டி-ஷர்ட்டும் அரைக்கால் சட்டையுமாக இறங்குகிறார். அவரைப் பார்த்து, “ஓனர் வரலீங்களா?” என்று கேட்கிறவர் யாருமில்லை.

கடைசியாக, தனித்து நிற்கும் ஒரு பதிவு. பி.என். ரோட்டுப் பக்கம் ஒரு யூனிட்டில், கல்லூரி முடித்த மகள் ஜி.எஸ்.டி. கணக்கைப் பார்த்துக்கொள்கிறாள். உடை: ஜீன்ஸ், மேலே லேபிள் வெட்டிய சர்ப்ளஸ் டி-ஷர்ட். நமது பட்டியலில் எங்கும் அடங்காத உடை என்பதால் என்ன கேள்வி வரும் என்று ஆவலோடு காத்திருந்தோம். பண்டல் இறக்க வந்த டெம்போக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏங்கண்ணு, அம்மா இல்லீங்களா?”

அம்மாவைத் தேடிய ஒரே கேள்வி இதுதான். மகள் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“வசூலுக்குப் போயிருக்குது. வளையலெல்லாம் இங்கதான் கெடக்குது, சீக்கிரம் வந்துரும்.”