பனடோலுக்கு அடங்காத நடுக்கம்

மனக்காயம் உடம்பில் தங்கிவிடுகிறது என்று மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கோல்க் 2014இல் புத்தகம் போட்டார். உலகம் முண்டியடித்து வாங்கியது. வந்தாறுமூலைக்கு அது பழைய சங்கதி. 1990 செப்டெம்பர் 5இல் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பிவராத ஊர் அது.

"மனம் சரியில்ல" என்று சொல்லி இங்கே ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் குறைவு. நெஞ்சு பதறும், கால் எரியும், தலையிடிக்கும். கிடைப்பது பனடோல்.

மிச்சத்தை அம்மன் சடங்கு பார்த்துக்கொண்டது. வேப்பிலையும் கையுமாகத் தெய்வமாடியவர்கள், காணாமற்போனவர்களைப் பற்றி வாக்குச் சொன்னார்கள். போர்க்கால மட்டக்களப்பில் அதை ஆராய்ந்தவர் அமெரிக்க மானிடவியலாளர் பற்றிசியா லோறன்ஸ். யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் மூச்சுப் பயிற்சி, சாந்தியாசனம், செபம் என்று ஊர்ச்சரக்கையே மருந்தாக்கினார்.

மேற்கில் உடம்பு வழியாக மனதை ஆற்றுவதற்குப் பிள்ளையார் சுழி போட்ட உளப்பகுப்பாய்வாளர் வில்ஹெல்ம் ரைக், இறுகிய தசைகளில் மனதைத் தேடினார். பிறகு, உயிர்ச்சக்தியைத் திரட்டும் என்று அவர் பரப்பிய 'ஓர்கோன்' பெட்டி விவகாரத்தில் நீதிமன்றத் தடையை மீறி, 1957இல் அமெரிக்கச் சிறையிலேயே இறந்தார்.

இன்று மனக்காயம் ஆற உடம்பை நடுங்கவிடக் கற்பிக்கும் வகுப்புக்குக் கட்டணம் டொலரில், சான்றிதழும் உண்டு. சடங்கில் நடுங்கக் காசில்லை, சான்றிதழும் இல்லை. ஆடியும் தலையிடி தீராதவர்கள் மனநலக் கிளினிக்குக்குப் போகலாம், அம்மன் கோபிக்கமாட்டாள்.