மூணு விசில் விமானம்

"மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு மனைவி மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை நம்பி அவள் ஒப்படைத்த மிகப் பெரிய பொறுப்பு அதுதான்.

முதல் விசில். வெயிட்டைத் தூக்கியெறிகிற மாதிரி ஆவி சீறியது. அடடா, இத்தனை சக்தியும் வீணாய்ப் போகிறதே! தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து (அது நாளைய தாள், ராசிபலனோடு போய்விட்டது) பின்பக்கம் படம் போட்டேன். விமானம் மேலே எழும்பக் குக்கர் ஆவி. உயரம் போனதும் அடுப்பை அணைத்துவிட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் புரொப்பெல்லர் சுற்றும். இறங்கும்போது காற்றே அதைச் சுற்றிவிட்டு பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றிவிடும். ஹைப்ரிட்!

இன்ஜினியரிங் படிக்கிற மகள் எட்டிப் பார்த்தாள். "ஆவியில ஓடுற விமானம் 1933-லயே பறந்தாச்சுப்பா. அமெரிக்காவுல, ஓக்லண்டுல, பெஸ்லர்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர்." தரை தொட்டதும் புரொப்பெல்லரைத் திருப்பிச் சுற்றவிட்டே வேகத்தைக் குறைத்தார்களாம். என் ஸ்கூட்டருக்கு முன் பிரேக்கே கிடையாது, பொறாமையாக இருந்தது.

"சரிம்மா, பேட்டரி என்னோட ஐடியாதானே?"

"நம்ம பேட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர். மொத்தமே 1.8 யூனிட். ஒரு டம்ளர் மண்ணெண்ணெய எரிச்சா அவ்வளவு சூடு வந்துடும்ப்பா."

ஒரு டம்ளரா! அந்த பேட்டரி கிட்டத்தட்ட 60 கிலோ. அதை மாடிப்படியில் ஏற்றிய அன்றைக்குப் பிடித்துக்கொண்ட இடுப்பு இன்றுவரை விடவில்லை. இந்தக் கணக்கில் பத்து பேட்டரி வைத்தால் பயணிகளைக் குறைத்தாக வேண்டும். முதலில் மைத்துனரை இறக்கிவிட்டேன். ஆள் 85 கிலோ. ஒரே ஆளில் ஒரு பேட்டரிக்கு மேலேயே இடம் கிடைத்தது. உற்சாகமாகச் சகலையையும் இறக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் துணிமூட்டையோடு குரல் கேட்டது.

"எத்தனை விசில் வந்துச்சு?"

"டேக் ஆஃப்புக்கு முன்னாலயா, அப்புறமா?"

பதிலை மூக்கே சொல்லிவிட்டது. பருப்பு அடியில் கரியாகி, குக்கரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

விமானத்தின் ஆவிப் பகுதியை இப்போது தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். பேட்டரிப் பகுதிக்கு ஆறு மாதமாக டிஸ்டில்டு வாட்டர் ஊற்றாததை அவள் இன்னும் பார்க்கவில்லை.